போர்வெல்லில் தண்ணீர் இருந்தால் வெயில் பயிரை என்ன செய்துவிடும்?

உலகமெல்லாம் வெப்ப அலை கூடுகிறதே, பாசனம் இருக்கிறவர்களுக்கு என்ன கவலை என்று கேட்டிருக்கிறீர்கள். டவுனில் இருப்பவர் என்று நினைக்கிறேன். தப்பில்லை. ஆனால் எங்களுக்குக் கடன் கொடுத்தவரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு வேலூர் மாவட்டம், அணைக்கட்டு ஊர்ப் பக்கம். அரை ஏக்கரில் இலவம்பாடி முள்ளுக் கத்தரி போட்டிருந்தோம், 2023ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த ரகம். 2024ல் அக்னி நட்சத்திரம் பிறக்கும் முன்பே கொளுத்த ஆரம்பித்துவிட்டது. சொட்டு நீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செடியும் பச்சையாகத்தான் நின்றது. ஆனால் காலையில் கொல்லைக்குப் போனால் செடிக்கடியெல்லாம் உதிர்ந்த ஊதாப் பூ. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், காம்பு மஞ்சளாகிக் கணுவோடு கழன்றிருந்தது. நைனா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சூட்டில் மகரந்தம் வீணாகிவிடும், பிஞ்சு பிடிக்காது. நெல்லும் அப்படித்தான். பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிக்காத பதர் கூடிவிடும். வேருக்குத் தண்ணீர் விடலாம், பூவுக்கு என்ன செய்வது?

"வேலூரில் எப்போதுமே வெயில்தானே" என்று யாராவது வருவார்கள். நானும் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்தான். முன்பெல்லாம் விடியற்காலையிலாவது உடம்பு குளிரும், இப்போது அதுவும் இல்லை. நம் ஊர்க் கதை மட்டுமா இது? 2022 மார்ச், இந்தியாவில் 1901க்குப் பிறகு வந்த மார்ச்களிலேயே அதிகச் சூடானது. வடக்கே கோதுமை மணி சுருங்கி, மே மாதம் ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள். அந்தக் கோடையில் ஐரோப்பாவில் 60,000 பேருக்கு மேல் வெயிலால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

எங்கள் கொல்லையிலும் போயிருக்கும் ஓர் உயிர். களை வெட்ட வந்த பெரியம்மா பதினோரு மணிக்கு, "வேர்க்கவே மாட்டேங்குதும்மா" என்றார், அப்படியே சாய்ந்தார். புங்க மர நிழலில் போட்டு, புடவையை நனைத்துப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து ஐந்தரைக்கு இறங்கிப் பத்து மணிக்குக் கரையேறிவிடுகிறோம், கூலியைக் குறைக்கவில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. நல்லதுதான். கொட்டிய பூவுக்கு எந்த மனுவில் எழுதுவது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் இருந்ததே நாலு மூட்டை. அதிலும் மண்டியில் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு பிடித்தார்கள். எதற்கென்று கேட்டேன். "வீட்டுல ஆம்பளை இல்லையா, அவரை வரச் சொல்லு" என்றார்கள்.