ஜோன் ஆஃப் ஆர்க் காலத்து ஆங்கிலத் தளபதி ஜான் டால்பட் யார்? அவருடைய குடும்பம் என்ன ஆனது?

நான் சிவில் வழக்குகள் நடத்தும் வக்கீல். டால்பட்டின் போர்களைவிட அவர் வீட்டுச் சொத்துத் தகராறுதான் முதலில் என்னை இந்த ஆளிடம் இழுத்தது. நீங்கள் வாழ்க்கை, குடும்பம் இரண்டையும் கேட்டிருப்பதால் போரைச் சுருக்கியும் வழக்கை விரித்தும் சொல்கிறேன். வரலாறு படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

1380களில் பிறந்தவர். வீட்டில் இரண்டாவது மகன் என்பதால் பட்டமும் நிலமும் அண்ணன் கில்பர்ட்டுக்குத்தான். அப்பா இறந்ததும் அம்மா அங்கரெட் மறுமணம் செய்துகொண்டார். புதுக் கணவரின் மகள் மாட் நெவிலையே ஜானுக்குக் கட்டிவைத்து, ஷெஃபீல்டு பக்கத்துச் சொத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். 1418இல் பிரான்ஸ் போரில் அண்ணன் இறந்தார். அண்ணனின் ஒரே பெண் குழந்தையும் 1421இல் போய்ச் சேர, எல்லாம் ஜானுக்கு வந்தது.

அதற்கு முன்பே வேல்ஸில் ஓவன் கிளிண்டூரின் கிளர்ச்சியை அடக்கப் போனவர், 1414இல் அயர்லாந்துக்கு மன்னரின் பிரதிநிதியாகவும் போனார். போன இடத்திலெல்லாம் பகை சம்பாதித்தார். அயர்லாந்தில் ஆர்மண்ட் பிரபுவுடன் மூண்ட விரோதம் இருபது, முப்பது வருடம் இழுத்தது. கடைசியில் ஆர்மண்டின் மகளை டால்பட்டின் மூத்த மகனுக்குக் கட்டிவைத்துத்தான் சமாதானம் ஆனார்கள்.

1427இல் பிரான்ஸுக்குப் போனார். ஆர்லியன்ஸ் முற்றுகை ஜோனால் முறிந்தபோது அங்கிருந்தவர்களில் இவரும் ஒருவர். 1429 ஜூன் 18 அன்று பத்தே போரில் பிடிபட்டார். காலையில் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று பிரெஞ்சுத் தளபதி அலோன்சோன் பிரபு சொன்னதற்கு, போரில் இதெல்லாம் அதிர்ஷ்டம் என்று டால்பட் பதில் சொன்னாராம். நான்கு வருடம் சிறை. பிறகு இங்கிலாந்திடம் பிடிபட்டிருந்த ஒரு பிரெஞ்சுத் தளபதிக்கு மாற்றாக விடுதலை.

என் கணிப்பில் டால்பட் பெரிய வியூகக்காரர் இல்லை. வேகம்தான் அவருடைய ஒரே ஆயுதம். 1437 பிப்ரவரியில், உறைபனிக் காலத்தில், போன்த்வாஸ் நகரத்தைப் பிடித்ததைப் பாருங்கள். பனியோடு பனியாகத் தெரியும்படி வீரர்களுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, ஊர் விழிக்கும் முன்பே மதிலேறிவிட்டார்கள். இப்படிப்பட்ட காரியங்களுக்குத்தான் 1442இல் ஷ்ரூஸ்பரி பிரபுப் பட்டம் கிடைத்தது.

அதே வேகம்தான் 1453 ஜூலை 17 அன்று காஸ்தியோனில் உயிரையும் வாங்கியது. ழான் பியூரோ என்ற பீரங்கி நிபுணர் அகழி வெட்டி, மண்மேடு எழுப்பி, பீரங்கிகளை வரிசையாக நிறுத்திக் காத்திருந்தார். பிரெஞ்சுப் பாசறையிலிருந்து புழுதி கிளம்புகிறது, எதிரி ஓடுகிறான் என்று செய்தி வந்தது. உண்மையில் வெளியேற்றப்பட்டவை குதிரைகளும் வேலைக்காரர்களும்தான். பின்னால் வரும் காலாட்படைக்குக் காத்திருக்காமல் பாய்ந்தார். அப்போது வயது அறுபதைத் தாண்டி நெடுநாள் ஆயிற்று. 1449இல் இரண்டாவது முறை பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, அடுத்த வருடம் விடுதலையானபோது பிரெஞ்சு மன்னனுக்கு எதிராகக் கவசம் அணியமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்ததால், கவசமில்லாமலே போனார் என்று சொல்கிறார்கள். குண்டடிபட்டு விழுந்த குதிரையின் அடியில் சிக்கியவரைக் கோடரியால் முடித்தார்கள். மறுநாள் முகம் அடையாளம் தெரியவில்லை. அவருடைய கட்டியக்காரர் வாய்க்குள் விரலை விட்டு, இல்லாத ஒரு பல்லின் இடத்தைத் தடவிப் பார்த்துத்தான் தன் எஜமானர் என்று உறுதி செய்தார். அதே களத்தில் மகன் லைல் பிரபுவும் செத்தார். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போர் அத்தோடு முடிந்தது என்பார்கள்.

இனி வழக்குக்கு வருவோம். மாட் இறந்தபின் 1425இல் டால்பட் கட்டியது மார்கரெட் பீச்சம் என்ற பெண்ணை. வாரிக் பிரபுவின் மூத்த மகள். மார்கரெட்டின் தாத்தா தாமஸ் பார்க்லி 1417இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். பார்க்லி கோட்டையும் அதைச் சேர்ந்த நிலங்களும் ஆண் வழிக்கே போகவேண்டும் என்ற பழைய ஏற்பாட்டின்படி அண்ணன் தம்பி வகையில் ஜேம்ஸ் பார்க்லிக்குச் சேர வேண்டும். தாமஸின் ஒரே மகள், அதாவது மார்கரெட்டின் அம்மா, விடவில்லை. அம்மாவுக்குப் பிறகு மார்கரெட் விடவில்லை. சுவாதீனம் ஒருவர் கையில், உரிமை தனக்கு என்று இன்னொருவர். என் அலுவலக அலமாரியில் இந்த ரகம் நிறையவே இருக்கிறது.

ஒருமுறை டால்பட் தரப்பு ஆள் ஜேம்ஸிடம் சம்மன் சார்வு செய்யப் போயிருக்கிறார். ஜேம்ஸ் அவரை அடித்து, சம்மனை அரக்கு முத்திரையோடு அங்கேயே தின்ன வைத்தாராம். நம் ஊர் அமீனாக்கள் படும் பாடு இதற்கு எவ்வளவோ மேல்.

ஜேம்ஸின் மனைவி இசபெல்தான் வழக்கை உண்மையில் நடத்தியவர். அவர் லண்டனிலிருந்து கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்றும் கிடைக்கிறது. காரியம் நன்றாகப் போகிறது, ஆனால் பணம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் குதிரையை அடகு வைத்துவிட்டு நடந்துதான் வரவேண்டும், நான் இல்லாமல் சமரசம் பேசிவிடாதீர்கள் என்கிறார். கட்சிக்காரர்களில் இப்படி ஒருவர் அமைந்தால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.

1451இல் மார்கரெட்டின் மகன் லைல் (பின்னாளில் காஸ்தியோனில் இறந்தவர்), பார்க்லி வீட்டு வேலைக்காரன் ஒருவனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் கோட்டைக்குள் புகுந்து, ஜேம்ஸையும் நான்கு மகன்களையும் பிடித்து, வேண்டிய பத்திரங்களில் கையெழுத்து வாங்கினார். மார்கரெட் இசபெல்லையும் விட்டுவைக்கவில்லை. க்ளோஸ்டரில் பிடித்து அங்குள்ள கோட்டையில் அடைத்தார். 1452 செப்டம்பரில் இசபெல் அந்தக் கோட்டையிலேயே இறந்தார். அதே மாதம் முதல் தேதிதான் டால்பட் போர்ட்ஸ்மத்தில் உயில் எழுதிவிட்டுக் கடைசிப் பயணத்துக்குக் கப்பல் ஏறத் தயாராக இருந்தார். போர்க்களத்தில் அவர் காட்டிய வீரத்தை எவ்வளவு பாராட்டினாலும், இந்த விஷயத்தில் அவர் கையும் சுத்தமில்லை என்பதுதான் என் எண்ணம்.

டால்பட் இறந்த நான்கு வருடத்தில், 1457இல், மனைவியை இழந்த அதே ஜேம்ஸ் பார்க்லி கல்யாணம் செய்துகொண்டது யாரை? டால்பட்டின் மகள் ஜோனை! அப்படியும் பகை தணியவில்லை.

மார்கரெட் போனபின் பேரன் தாமஸ் லைல், இருபது வயதைச் சுற்றியிருந்த பையன், ஜேம்ஸின் மகன் வில்லியம் பார்க்லிக்குச் சவால் விட்டான். மன்னர் நான்காம் எட்வர்ட் வேறிடத்தில் கலவரம் அடக்கிக்கொண்டிருந்தார். 1470 மார்ச் 20 அன்று நிப்லி கிரீனில் இரு தரப்பும் மோதின. தலைக்கவச முகமூடியைத் தூக்கிய நேரம் பார்த்து முகத்தில் அம்பு பாய்ந்து பையன் செத்தான். கர்ப்பமாக இருந்த அவன் மனைவிக்குச் சில நாட்களில் குழந்தையும் தங்கவில்லை. பிரபுக்கள் சொந்தப் படை வைத்து இங்கிலாந்தில் நடத்திய கடைசிச் சண்டை இதுதான் என்பார்கள். வழக்கு மட்டும் பெண் வழி வாரிசுகளிடம் போய் 1609 வரை நடந்தது. கிட்டத்தட்ட 192 வருடம்.

இளைய தாரத்து மகள்களில் எலியனோரையும் விடக்கூடாது. விதவையான அவரை நான்காம் எட்வர்ட் ரகசியமாக மணம் பேசியிருந்தார், ஆகவே பின்னாளில் எலிசபெத் உட்வில்லுடன் நடந்த திருமணம் செல்லாது என்று 1483இல் கிளம்பிய வாதத்தை 1484இல் நாடாளுமன்றம் சட்டமாகவே போட்டது. பழைய ஷ்ரூஸ்பரி பிரபுவின் மகள் என்று அதில் பெயரோடு இருக்கிறது. எட்வர்டின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை போய், சித்தப்பா மூன்றாம் ரிச்சர்ட் மன்னரானார். எலியனோர் 1468லேயே இறந்துவிட்டதால் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற யாராலும் முடியவில்லை. ஒரு வக்கீலாக எனக்கு இந்த வாதம் பலவீனமாகத்தான் தெரிகிறது. எதிர்த்தரப்பு அதை எதிர்கொண்ட விதம் அதைவிட மோசம். 1485இல் ஆட்சிக்கு வந்த ஏழாம் ஹென்றி, அந்தச் சட்டத்தைச் சபையில் படிக்கக்கூட விடாமல் ரத்து செய்து, பிரதிகளையும் அழிக்கச் சொன்னார்.

சொத்தில் டால்பட் இளைய தாரத்துப் பிள்ளைகள் பக்கமே சாய்ந்ததாக மூத்த தாரத்து மகனுக்கு மனக்குறை உண்டு. அந்த மகனும் 1460இல் நார்தாம்ப்டன் போரில் மாண்டார். ஆனால் பட்டம் மூத்த தாரத்து வழியில்தான் இறங்கியது. 1442இல் கொடுத்த ஷ்ரூஸ்பரி பிரபுப் பட்டத்தை டால்பட்டின் வம்சத்தார் இன்றும் வைத்திருக்கிறார்கள்.