கட்டுமானத் தளத்தில் பாதுகாப்புப் பண்பாட்டை எப்படி அளப்பது? கேள்வி பதில்

கேள்வி: மூன்று வருடமாக எங்கள் சைட்டில் விபத்தே இல்லை. பாதுகாப்புப் பண்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா?

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 50 பேர் ஓராண்டு வேலை செய்தால் சுமார் 1 லட்சம் மணி நேரம். 2 லட்சம் மணி நேரத்துக்கு எத்தனை விபத்து என்று பார்க்கும் கணக்கில், ஒருவர் விழுந்தால் உங்கள் விகிதம் 2, யாரும் விழாவிட்டால் 0. ஒரே ஒரு கால் சறுக்கலில் மொத்தக் கணக்கும் புரண்டுவிடுகிறது. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். வேலைநாள் இழக்கும் விபத்து ஏழு ஆண்டுகளாக இல்லை என்று பாராட்ட, நிறுவன அதிகாரிகள் அன்றுதான் அங்கே வந்திருந்தார்கள். அப்புறம், விபத்தில்லாத மாதத்துக்கு போனஸ் என்று அறிவித்தால், கையை வெட்டிக்கொண்டவர் துணியைச் சுற்றிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிடுவார்.

கேள்வி: ஆட்களிடம் படிவம் கொடுத்துக் கேட்டால் சரியாக வருமா?

பதில்: வரும், கேட்கும் விதத்தைப் பொறுத்து. நார்டிக் நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கிய நோசாக்-50 (NOSACQ-50) என்ற கேள்விப் படிவம் நல்ல தொடக்கம். 50 வாக்கியங்கள், ஏழு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். நடுவில் நழுவிக்கொள்ள இடமில்லை. மொத்தச் சராசரியைவிட, நிர்வாகம் போட்ட மதிப்பெண்ணுக்கும் தொழிலாளர்கள் போட்டதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். படிவத்தை மேஸ்திரி கையில் கொடுத்து நிரப்பி வாங்காதீர்கள். படிக்கத் தெரியாதவருக்கு வெளியாள் ஒருவர் அவருடைய மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். துணை ஒப்பந்ததாரரின் ஆட்களை விட்டுவிடாதீர்கள். உயரத்தில் சாரத்தின் மேல் நிற்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

கேள்வி: மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் இந்த மாதம் இரண்டு மடங்காகப் பதிவாகியிருக்கின்றன. மேலாளர் திட்டுகிறார்.

பதில்: திட்டினால் அடுத்த மாதம் பதிவேடு காலியாகிவிடும். ஆட்கள் பேசத் தொடங்கியிருக்கலாம். ஒருவர் சொன்ன நாளிலிருந்து அது சரிசெய்யப்பட்ட நாள்வரை எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க முடியும் என்றால்?

பதில்: கான்கிரீட் போடும் நாளில் போய்ப் பாருங்கள். அவசரமில்லாத நாளில் எல்லாத் தளமும் ஒழுங்காகத்தான் தெரியும். "சாரம் ஆடுகிறது, நிறுத்துங்கள்" என்று கடைசியாகச் சொன்னவர் யார் என்று கேளுங்கள். பெயரைச் சட்டென்று சொல்கிறார்களா, அவர் இன்னும் அங்கேயே வேலை செய்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் குறித்துக்கொள்வேன்.