நுகர்வோர் கேள்வி-பதில்: பாதி விலை ஆயில்

கே: காருக்கு வாங்கிய ஆயில் மீதமிருந்தது. நானே பைக்கில் மாற்றினேன். முறுக்கினால் எஞ்சின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை. ஆயில் கம்பெனி மேல் புகார் செய்யலாமா? — ஓசூர்

முடியாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலில்தான் ஊறிக் கிடக்கின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், தட்டுகள் வழுக்கும். பைக் ஆயில் கேனில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ (MA2) என்ற தரக் குறியீட்டை அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்க அரை நிமிடம் ஆகுமா? உடனே வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள். அப்புறமும் வழுக்கினால் தட்டு மாற்றும் செலவு உங்களுடையது.

கே: சர்வீஸ் பில்லில் ஆயில் ஃபில்டருக்கும் காசு வாங்கினார்கள். மறுநாள் கழற்றிப் பார்த்தால் கறுத்துப்போன பழைய ஃபில்டரே இருக்கிறது. — திருச்சி

அப்பட்டமான மோசடி. நீங்கள் விடக் கூடாது. ஃபில்டரைப் படமெடுத்து, பில் நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சின்னத் தொகை என்று தயங்காமல் நஷ்ட ஈடும் கேளுங்கள். இனிமேல் பழைய பாகத்தைக் கையில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

கே: பிரபல கம்பெனி ஆயில் பாதி விலைக்குக் கிடைத்தது. பில் தரவில்லை. ஊற்றிய சில நாளில் தண்ணீராக இளகிவிட்டது. — மதுரை

பாதி விலை என்றபோதே நீங்கள் நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் என் கோபமெல்லாம் விற்றவன் மேல்தான். நாம் போடும் காலிக் கேன்கள் முழுசாகப் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. அவற்றில் வடித்த ஆயிலையோ மட்ட ரகத்தையோ நிரப்பி, மூடியை ஒட்டி மறுபடி விற்கிறார்கள். வாங்கும்போது மூடியின் கீழ்வளையம் அறுபடாமல் இருக்கிறதா, பேட்ச் எண் அழிந்திருக்கிறதா, ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள். ஊற்றி முடித்த கேனைக் கத்தியால் குறுக்கே அறுத்துப் போடுங்கள்; எத்தனை பேரிடம் சொல்லியும் இதை மட்டும் செய்ய மறுக்கிறார்கள். இப்போதைக்கு எஞ்சினில் இருப்பதை வடித்துவிட்டு, மிச்சத்தைக் கேனோடு பத்திரப்படுத்தி, கம்பெனிக்குப் புகார் செய்யுங்கள்.

கே: ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டில் ஒழுகல். — நாகர்கோவில்

வாஷரைப் புதிதாகப் போடுங்கள். வெறிகொண்டு இறுக்காதீர்கள், அலுமினிய மரை போய்விடும். சந்தையில் நான் வாங்கிய மலிவு ஸ்பானர் வாய் விரிந்து போல்ட் முனையையே மழுக்கியது. நல்ல ரிங் ஸ்பானர் வாங்குங்கள்.

கே: வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடலாமா? — சேலம்

கூடாது. டப்பாவில் பிடித்து, கழிவு ஆயில் சேர்க்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.