சாயத் தண்ணீர் யார் பொறுப்பு?

கேள்வி: திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவை முழுதும் ஏற்றால் தொழில் நொடித்துவிடாதா? - ஒரு வாசகர், பல்லடம்

பதில்: செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவைப் பட்டறை ஏற்காத காலத்தில் அதைச் சுமந்தது யார்? நொய்யல் ஆற்றங்கரை விவசாயி. அந்த ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்ததே! அணைக்குத் தண்ணீர் வந்தால் சந்தோஷப்படுகிற நம் ஊரிலேயே இப்படி.

சாயத்தின் நிறத்தைக்கூட எடுத்துவிடலாம். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகக் கொட்டும் உப்புதான் வில்லன், கண்ணுக்குத் தெரியாமல் கிணற்றில் இறங்கி நிலத்தைக் கெடுக்கிறது. அதைச் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கித்தான் பிரிக்க முடியும். பிரித்த உப்பும் தண்ணீரும் மறுபடி சாயத்தொட்டிக்கே போகும்.

2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் இந்தச் சுத்திகரிப்பு முறை பரவலாக ஓட ஆரம்பித்தது. தொழிலாளிகள் வேலையிழந்து தவித்தார்கள், அது பெரிய கொடுமை. முன்பே செய்திருந்தால் அந்தத் தவிப்பே வந்திருக்காது. அப்புறம், விலையை மட்டும் அடித்துப் பேசி பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் இந்தச் செலவில் பங்கு ஏற்க வேண்டும்.