மலைக் கிராமங்களில் ரத்தம், தண்ணீர் மாதிரி எடுக்கப் போனால் மக்கள் நம்ப மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

நீங்கள் ஆய்வு மாணவர் என்று நினைக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கிறேன், அதனால் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். எடுத்துப் போனதற்கு யாராவது முடிவு சொன்னார்களா என்று முதலில் அந்த ஊரில் விசாரியுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு குழு வந்து ரத்தம் எடுத்தது, தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் ஊற்றுத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு போனது, அத்தோடு சரி. போன் செய்தால் "ரிப்போர்ட் வரும்மா" என்பார்கள். கையெழுத்து வாங்கிய தாள் முழுக்க ஆங்கிலம். புரிகிற மொழியில் விளக்கித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறையே சொல்கிறது. என் மாமியார் இப்போது ஊசியோடு யார் வந்தாலும் கதவைத் திறப்பதில்லை. அவரை எப்படிக் குறை சொல்வது?

இந்தியாவில் அரிவாள் செல் கோளாறு (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) இருப்பது 1952-ல் முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில்தான். ஆனால் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை வந்தது 1990-ல்தான். அங்கே ஆதிவாசிப் பெண்களே நர்ஸ், அதனால்தான் ஜனங்கள் ரத்தம் கொடுக்கக் கை நீட்டுகிறார்கள்.

அப்புறம் எங்களிடம் வந்த இன்னொரு குழு பரிசோதனை பாட்டிலை எங்கள் கையிலேயே கொடுத்தது. கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி வைக்க வேண்டும், மலக்கழிவு கலந்திருந்தால் கறுக்கும். வந்தது மார்கழி. கிருமி வளரச் சூடு வேண்டும், எங்கள் குளிரில் அலமாரியில் வைத்தால் கெட்ட தண்ணீரும் நல்லதாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா, "தயிர் உறைய வைக்கிற மாதிரி அடுப்போரம் வைங்க சார்" என்றார். அவர்களும் மறுபேச்சில்லாமல் தெர்மாமீட்டர் வைத்து, சூடு அதிகமாகாத இடம் பார்த்து வைத்தார்கள். ஊற்றுப் பாட்டில் கறுத்துப்போனதை ஊரே வந்து பார்த்தது. ஊற்றுக்கு மேலே இருந்த கழிவுக்குழியை மாற்றச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் பேசியது அந்தக் குழு இல்லை, அக்காதான்.

முடிவை முன்கூட்டியே சொன்னால் ஆய்வு கெட்டுவிடும் என்று யாராவது வாதம் செய்யலாம். சில ஆய்வுக்கு அது சரியாகவும் இருக்கலாம். குடிக்கிற தண்ணீர் கெட்டிருப்பதை மறைக்க அது காரணமாகாது. படித்தவர்களுக்கு நான் எதிரி இல்லை, என் மகளே நுண்ணுயிரியல்தான் படிக்கிறாள்.

இன்னொரு வருத்தம். தோட்டத்துக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள், ஏன் அடிக்கிறீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்கிறது, பறிகூலியும் உரமும் போக என்ன மிஞ்சுகிறது என்று இதுவரை எந்தப் படிவத்திலும் ஒரு கேள்விகூட நான் பார்த்ததில்லை.