இழுக்கக் கூடாத கை

கேள்வி: பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கேரளத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை. தினமும் எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் தாண்டிக் கோவையில் உள்ள கல்லூரிக்குப் போய் வருகிறேன். நேபாள மலைக்கிராமங்களில் இரண்டு வாரம் சேவை செய்ய எங்கள் வகுப்பில் 12 பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 70 ஆயிரம் ஆகும். நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார் அப்பா. அம்மாதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அப்பத்தா வேறு பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். காலையில் அம்மா அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கும்போது அப்பத்தா போடுகிற சத்தத்தில் என்னால் படிக்கவே முடிவதில்லை. ஏழைகளுக்கு உதவ நினைப்பது தப்பா? அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: மகளே, சம்மதத்தை அப்புறம் பார்க்கலாம். உன் கடிதத்தில் ஒரு வரியை நான் நாலு தடவை படித்தேன். அம்மா இடது கையைப் பிடித்துத் தூக்குகிறார், அப்பத்தா கத்துகிறார், உனக்குப் படிப்பு கெடுகிறது.

எந்தப் பக்கம் விழுந்தது என்று நீ எழுதவில்லை. இடது பக்கமாகத்தான் இருக்கும். நல்ல கையைப் பிடித்துத் தூக்கினால் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். பக்கவாதத்தில் தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்துவிடுகின்றன. கையின் பாரமே மூட்டைக் கீழே இறக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு இன்னும் நழுவும், வலி அங்கேயே தங்கிவிடும். சத்தம் தாங்காமல் நீ மூடி வைத்த புத்தகத்திலேயே இது இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது, அவர் மேல் குற்றமில்லை. தெரிந்தவள் நீ. எட்டு மாதம் பக்கத்து அறையில் இருந்திருக்கிறாய்.

ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்து எழுப்ப வேண்டும். உட்கார்ந்ததும் விழுந்த கைக்கு அடியில் ஒரு தலையணை. அம்மாவுக்கு இதைக் காட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்கு முன்னால் அந்தத் தோளை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். எட்டு மாத வலி அது.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஆயுசுக்கும் ஆள் துணை வேண்டும். நீங்கள் 12 பேரும் இரண்டு வாரத்தில் ஊர் திரும்பிவிடுவீர்கள். அங்கே படுக்கையில் கிடப்பவர்களை அப்புறம் புரட்டிப் படுக்க வைப்பது யார்? மனைவி, மருமகள், பெற்றவள். அவர்களுக்குச் சரியாகத் தூக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தால்தான் நீ போனதற்குப் பலன். சொந்த அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்காதவள், பாஷை தெரியாத ஊரில் யாருக்கு என்ன சொல்லிக் கொடுப்பாய்?

உன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. கட்டிலில் கிடப்பது அவரைப் பெற்றவர். அவர் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியதாக உன் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அடகுக்குப் போகிற நகையும் அம்மாவுடையதாகத்தான் இருக்கும். தாயைப் பார்ப்பது பிள்ளையின் கடமை. மருமகள் செய்வது தயவு. எட்டு மாதமாகத் தனியாளாகத் தூக்கி இடுப்பு ஒடிந்த ஒரு பெண்ணிடம் போய் எதற்குச் சம்மதம் கேட்கிறீர்கள்?

நேபாளம் இந்த வருஷம் வேண்டாம். படிப்பையும் இன்டெர்ன்ஷிப்பையும் முடித்து, சொந்தச் சம்பளத்தில் போ, நானே வாழ்த்தி அனுப்புகிறேன். சேவை செய்தே ஆக வேண்டும் என்றால் படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற உங்கள் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸிடம் போய், சனிக்கிழமைகளில் கூட வரட்டுமா என்று கேள். கேரளம் 2008-லேயே இதற்கென்று தனிக் கொள்கை வகுத்த மாநிலம். வலியைத் தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்த கிழவிகள் உங்கள் சித்தூர் தாலுகா முழுக்க இருக்கிறார்கள். குடைச்சலா, மதமதப்பா, சுண்டி இழுக்கிறதா என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள உன்னால் முடியும்.

அது சனிக்கிழமை. நாளைக் காலையில் அம்மா கட்டில் பக்கம் போகும்போது புத்தகத்தை வைத்துவிட்டு நீயும் எழுந்து போ. அப்பாவையும் கூப்பிடு.