உதடும் குரலும் ஒட்டாத வீடியோ கால்: கேள்வி பதில்

கேள்வி: ஆடியோ, வீடியோ இரண்டையும் ஒரே நேரத்தில்தான் அனுப்புகிறேன். ஆனாலும் உதடசைவு ஒட்டவில்லையே?

பதில்: ஒன்றாகக் கிளம்பினாலும் ஒன்றாக வந்து சேராது. ஆடியோ பாக்கெட் சின்னது, பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் பேச்சுதான். வீடியோ ஃபிரேமோ பல பாக்கெட்டாக உடைந்து வரும். வந்த நேரத்தை நம்பாதீர்கள், பதிவான நேரத்தை நம்புங்கள்.

கேள்வி: அப்படியென்றால் இரண்டின் ஆர்டிபி டைம்ஸ்டாம்ப்பையும் (பாக்கெட் சுமந்துவரும் நேர எண்) கழித்துப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. ஓபஸ் முறையில் சுருக்கிய ஆடியோவின் கடிகாரம் நொடிக்கு 48,000 எண்ணும், வீடியோவுடையது 90,000. தொடங்கும் எண்ணும் தனித்தனி. அனுப்பும் பக்கம் அவ்வப்போது தரும் ஆர்டிசிபி ரிப்போர்ட்டில் (சென்டர் ரிப்போர்ட்) ஆர்டிபி எண்ணும் அதற்கான என்டிபி நேரமும், அதாவது பொதுக் கடிகார நேரமும், ஜோடியாக வரும். அதை வைத்து இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். முதல் ரிப்போர்ட்டோடு நிறுத்திவிடாதீர்கள். கடிகாரங்கள் மெல்ல விலகும்; 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) விலகல்கூட ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் ஆகிவிடும்.

கேள்வி: எதைத் தாமதப்படுத்துவது?

பதில்: முந்தி வருவதை. பெரும்பாலும் அது ஆடியோ. ஆனால் சட்டென நிறுத்தினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித்தான் தள்ள வேண்டும். வீடியோ முந்தினால் வேலை சுலபம், ஃபிரேமைப் பிடித்துவைத்தால் போதும். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் பிடி.1359 பரிந்துரைப்படி, குரல் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது. தூரத்து ஓசை காட்சிக்குப் பின்னால் வருவது நமக்குப் பழகியதுதானே.

கேள்வி: ஒரே ஆப், சில ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் பல நிமிட வித்தியாசம் காட்டுகிறது!

பதில்: நானும் இதில் மாட்டியிருக்கிறேன். இரவு முழுக்க மேசையில் கிடந்த போனில் மட்டும் பிழை. ரீஸ்டார்ட் செய்தால் மாயம். இரண்டு நாள் நெட்வொர்க்கையே குடைந்தேன். கடைசியில் பார்த்தால், கேமரா நேரம் போன் உறங்கும்போதும் ஓடும் கடிகாரத்தில் இருந்தது. ஆடியோவுக்கு நான் எடுத்த நானோடைம் என்ற கடிகாரமோ உறக்கத்தில் நின்றுவிடும். கேமராவின் டைம்ஸ்டாம்ப் சோர்ஸ் எது என்று முதலில் கேட்டுப் பாருங்கள், அதே கடிகாரத்தையே ஆடியோவுக்கும் எடுங்கள்.

கேள்வி: புளூடூத் ஹெட்செட் மாட்டினால் மட்டும் ஒட்டவில்லையே?

பதில்: ஹெட்செட்டின் தாமதத்தையும் கணக்கில் சேருங்கள். ஐஓஎஸ்-இல் அவுட்புட் லேட்டன்சி என்றே ஒரு மதிப்பு கிடைக்கும். ரூட் (ஒலி ஸ்பீக்கருக்குப் போகிறதா, ஹெட்செட்டுக்கா என்பது) மாறும்போதெல்லாம் மறுபடி படியுங்கள்.